மௌனம் சம்மதமாகும் வியாபாரம்

அமெரிக்க இதழ்களில் பல பத்தாண்டுகள் தொடர்ந்து வந்த ஒரு விளம்பரம் உண்டு. பக்கம் முழுக்கப் புத்தக அட்டைகள் சிறு சிறு கட்டங்களாக அச்சாகியிருக்கும். மேலே பெரிய எழுத்தில் ஓர் அழைப்பு: நான்கு புத்தகங்கள், ஒவ்வொன்றும் ஒரே டாலர். கீழே வெட்டி அனுப்ப ஒரு கூப்பன். கூப்பனை ஒட்டிப் பொடி எழுத்தில் ஒரு பத்தி: அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் மேலும் நான்கு புத்தகங்களைக் கிளப்பின் வழக்கமான விலைக்கு வாங்க ஒப்புக்கொள்கிறேன். விலையும் எண்ணிக்கையும் கிளப்புக்குக் கிளப் மாறும். அமைப்பு மாறாது.

இந்தப் பெரிய எழுத்து பொய்யில்லை. அந்தப் பொடி எழுத்தும் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில்தான் இருந்தது. ஆனாலும் இதில் சேர்ந்தவர்களில் ஒரு சாரார் நல்ல லாபம் என்றார்கள், இன்னொரு சாரார் ஏமாந்தோம் என்றார்கள். ஒரே ஒப்பந்தம் இப்படி இரு முடிவுகளைத் தருவது ஏன் என்று தெரிந்துகொள்ள, கிளப் எப்படி இயங்குகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

அஞ்சல்வழிப் புத்தக கிளப் என்பது வாசகர்கள் கூடிப் பேசும் அமைப்பு அல்ல. அது ஒரு விற்பனை முறை. உறுப்பினர் ஒருமுறை பெயரைப் பதிவு செய்கிறார். கிளப் மாதந்தோறும் ஒரு புத்தகத்தை முதன்மைத் தேர்வாக அறிவித்து, தபாலில் அனுப்பி, பிறகு பணம் கேட்கிறது. உறுப்பினர் கடைக்குப் போக வேண்டியதில்லை. கிளப்புக்குக் கடை வாடகையும் இல்லை.

இந்த முறையை அமெரிக்காவில் நிலைநிறுத்தியது 1926-இல் நியூயார்க்கில் தொடங்கிய 'புக் ஆஃப் தி மன்த் கிளப்'. விளம்பரத் துறையிலிருந்து வந்த ஹாரி ஷெர்மன் அதன் மூளை. மேக்ஸ் சாக்கைம், ராபர்ட் ஹாஸ் இருவரும் கூட்டாளிகள். அடுத்த ஆண்டே 'லிட்டரரி கில்ட்' என்ற போட்டி கிளப் களத்துக்கு வந்தது.

அந்தக் காலம் இதற்கு ஏற்றதாக இருந்தது. அமெரிக்காவின் புத்தகக் கடைகள் பெரு நகரங்களில் குவிந்திருந்தன. சிற்றூர்களிலும் பண்ணைப் பகுதிகளிலும் புதிய புத்தகம் கைக்குக் கிடைப்பது அரிது. ஆனால் தபால் எல்லா இடத்துக்கும் போனது. கிராமத்து வீடுகளுக்கு நேரடியாகக் கடிதம் கொண்டுசேர்க்கும் சேவை 1896-இல் தொடங்கியிருந்தது. 1913-இல் பார்சல் சேவையும் வந்தது. துணி முதல் ஏர் வரை தபாலில் வாங்கிப் பழகிய குடும்பங்களுக்கு, புத்தகத்தையும் அப்படி வாங்குவது புதுமையாகப் படவில்லை.

கடையில்லாத ஊரில் இருப்பவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் வரும் புத்தகங்களில் எது நல்லது என்று அவருக்கு யார் சொல்வது? ஷெர்மன் இதற்காக ஒரு நடுவர் குழுவை அமைத்தார். பேராசிரியரும் விமர்சகருமான ஹென்றி சைடல் கேன்பி அதன் தலைவர். நாவலாசிரியர் டோரதி கேன்ஃபீல்ட் ஃபிஷர் உள்ளிட்ட மேலும் நால்வர் உறுப்பினர்கள். அவர்கள் தேர்ந்த முதல் புத்தகம், சில்வியா டவுன்சென்ட் வார்னர் என்ற ஆங்கிலேய எழுத்தாளரின் முதல் நாவலான 'லாலி வில்லோஸ்'. ஐயாயிரத்துக்கும் சற்றுக் குறைவான உறுப்பினர்களுக்கு அது போனது. கிளப் விற்றது புத்தகத்தை மட்டுமல்ல என்பது இங்கே தெளிவாகிறது. தேர்ந்தெடுக்கும் உழைப்பையும் அது சேர்த்தே விற்றது.

தொடக்கத்தில் புத்தகம் நேராக வீட்டுக்கு வந்தது. பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பி வேறொன்று பெறலாம். திரும்பி வரும் புத்தகங்கள் கிளப்புக்குச் சுமையாயின.  விரைவிலேயே முறை மாறியது. புத்தகத்துக்கு முன்பாக அறிவிப்பு வரத் தொடங்கியது. இந்த மாற்றம்தான் புத்தக கிளப்பின் இயந்திரம். இதை இக்கட்டுரையில் மறுப்பு முறை என்று அழைப்போம். உறுப்பினர் வேண்டாம் என்று சொன்னால் மட்டுமே விற்பனை நிற்கும், சொல்லாவிட்டால் நடக்கும் என்பது இதன் பொருள்.

மாதா மாதம் வரும் உறையைப் பிரித்துப் பார்த்தால் இது விளங்கும். உள்ளே ஒரு சிறு இதழ் இருக்கும். முதன்மைத் தேர்வைப் பற்றி ஒரு நீண்ட அறிமுகம், வேறு புத்தகங்களைப் பற்றிச் சிறு குறிப்புகள். கூடவே ஒரு பதில் அட்டை. அதில் முதன்மைத் தேர்வு வேண்டாம் என்று குறிக்க ஒரு கட்டம். அதற்குப் பதிலாக வேறு புத்தகம் வேண்டுமானால் அதன் எண்ணை எழுத ஓர் இடம். ஓரத்தில் ஒரு தேதி. அந்தத் தேதிக்குள் அட்டை கிளப்புக்குப் போய்ச் சேர வேண்டும். முதன்மைத் தேர்வு வேண்டும் என்று சொல்வதற்குக் கட்டமே தேவையில்லை. அதற்கு எதுவும் செய்யாமல் இருந்தாலே போதும்.

மௌனம் சம்மதம் என்பது நம் பேச்சு வழக்கு. இங்கே அது ஒப்பந்தத்தின் விதி. இதனால் கிளப்புக்கு என்ன நன்மை என்பது எளிதில் புரியும். மனிதர்கள் வேலையைத் தள்ளிப்போடுவார்கள். அட்டை மேசையில் கிடக்கும், தேதி கடந்துவிடும், புத்தகம் வந்துவிடும். வந்ததைத் திரும்பக் கட்டி அஞ்சலகம் கொண்டுபோவதைவிடப் பணம் கட்டிவிடுவது எளிது. ஒவ்வொரு மாதமும் இப்படி எத்தனை பேர் சும்மா இருப்பார்கள் என்பதைக் கிளப் தன் அனுபவத்தால் ஏறத்தாழ முன்கூட்டியே கணிக்க முடியும். ஆகவே எத்தனை பிரதி அச்சிட வேண்டும் என்பதும் அதற்குத் தெரியும். சாதாரணப் பதிப்பாளருக்கு இந்த உறுதி கிடையாது. கடைகளுக்கு அனுப்பிய புத்தகங்கள் விற்காமல் திரும்பி வரும் அபாயம் அவருக்கு எப்போதும் உண்டு.

மறுப்பு முறையால் எழுந்த புகார்கள் காரணமாக அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 1973-இல் இதற்கென ஒரு விதியை வகுத்தது. எத்தனை புத்தகம் கட்டாயம் வாங்க வேண்டும், தபால் செலவு யாருடையது, எப்போது விலகலாம் என்பவற்றை விளம்பரத்திலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். பதில் சொல்ல உறுப்பினருக்குக் குறைந்தது 10 நாள் அவகாசம் தர வேண்டும். உறை தாமதமாக வந்து அந்த அவகாசம் கிடைக்காமல் போனால், புத்தகத்தைக் கிளப் தன் செலவில் திரும்பப் பெற்றுக்கொண்டு முழுத்தொகையையும் வரவு வைக்க வேண்டும். கட்டாய எண்ணிக்கையை முடித்த உறுப்பினர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம்.

இங்கே பலரும் குழம்பும் ஓர் இடம் உண்டு. கேட்காமல் தபாலில் வரும் பொருளைப் பணம் தராமலே வைத்துக்கொள்ளலாம் என்று 1970-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஒன்று சொல்கிறது. கிளப்பிலிருந்து வரும் மாதப் புத்தகத்துக்கு இது பொருந்தாது. உறுப்பினர் கூப்பனில் கையெழுத்திட்டபோதே இந்த ஏற்பாட்டுக்குச் சம்மதம் தந்துவிட்டார். இலவசம் என்ற சொல்லைப் பற்றியும் வழக்கு நடந்தது. பின்னால் நான்கு புத்தகம் வாங்கியே தீர வேண்டும் என்றால், முன்னால் தருவதை இலவசம் என்று சொல்லலாமா என்ற கேள்வி 1950-களின் தொடக்கத்தில் ஆணையத்தின் முன்னும் நீதிமன்றத்தின் முன்னும் வந்தது. நிபந்தனையைப் பக்கத்திலேயே தெளிவாகச் சொன்னால் அந்தச் சொல்லைப் பயன்படுத்தலாம் என்ற நிலையே கடைசியில் நிலைத்தது.

அடுத்த கேள்வி விலை பற்றியது. கடையைவிடக் குறைந்த விலைக்குக் கிளப் எப்படித் தர முடிகிறது? பெரிய கிளப்புகள் பெரும்பாலும் பதிப்பாளரிடமிருந்து புத்தகத்தை வாங்கி விற்பதில்லை. கிளப் பதிப்பை வெளியிடும் உரிமையை வாங்கித் தாமே அச்சிடுகின்றன. எழுத்துக் கோத்தல், மெய்ப்புப் பார்த்தல், அட்டை வடிவமைப்பு எல்லாவற்றையும் பதிப்பாளர் முன்பே முடித்திருப்பார். உரிமைத்தொகை போகக் கிளப்புக்குக் காகிதமும் அச்சும் பைண்டிங்கும்தான் செலவு. அதிலும் சிக்கனம் செய்யலாம். காகிதம் சற்று மெலிந்திருக்கலாம். அளவு கொஞ்சம் குறையலாம். அட்டையில் துணிக்குப் பதில் தாள் ஒட்டியிருக்கலாம்.

இந்தப் பதிப்புகளை அடையாளம் காணப் பழைய புத்தக வியாபாரிகளிடம் சில வழிகள் உண்டு. மேலுறையின் உள்மடிப்பில் விலை அச்சாகியிருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். கிளப் பதிப்பில் அது பெரும்பாலும் இருக்காது. சிலவற்றில் மடிப்பின் கீழ்மூலையில் கிளப் பதிப்பு என்றே அச்சாகியிருக்கும். பிறகு மேலுறையைக் கழற்றி, பின்னட்டையின் கீழ்மூலையை விரலால் தடவுவார்கள். அங்கே மையில்லாமல் அழுத்திய ஒரு சிறு புள்ளியோ சதுரமோ தட்டுப்பட்டால் அது கிளப் பதிப்பு. படிப்பவருக்கு இதனால் நட்டமில்லை. முதல் பதிப்பு என்று சேர்த்து வைப்பவருக்கு மதிப்பு பெரிதும் குறைந்துவிடும்.

இப்போது கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் எடுத்துக்காட்டுக்காக மட்டும். முதலில் வரும் நான்கு புத்தகங்களுக்கு 4 டாலர். அவற்றின் தபால் மற்றும் கட்டுக்கூலி 8 டாலர். பிறகு வாங்க வேண்டிய நான்கும் கிளப் விலையில் தலா 20 டாலர், தபால் 4 டாலர் என்றால் 96 டாலர். ஆக மொத்தம் எட்டுப் புத்தகங்களுக்கு 108 டாலர். ஒன்றுக்கு 13.50 விழுகிறது. கடையில் ஒன்றின் விலை 25 டாலர் என்றும், 30 சதவீதத் தள்ளுபடி போக 17.50 என்றும் வைத்துக்கொள்வோம். கடையில் எட்டும் 140 டாலர். கிளப்பில் 32 டாலர் மிச்சம்.

ஆனால் இந்த மிச்சம் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. எட்டையும் நீங்கள் எப்படியும் வாங்கியிருப்பீர்கள் என்றால்தான் அது மிச்சம். எட்டில் ஐந்துதான் உண்மையில் வேண்டியவை என்றால், அந்த ஐந்தையும் தள்ளுபடிக் கடையில் 87.50-க்கு வாங்கியிருக்கலாம். ஆறு வேண்டியவை என்றால் 105 டாலர், கிளப்புக்குக் கொடுத்ததோடு ஏறக்குறைய சமம். எனவே இந்த எடுத்துக்காட்டில் லாபமும் நட்டமும் பிரியும் இடம் எட்டுக்கு ஆறைச் சற்றே தாண்டியது. தள்ளுபடிக் கடையே இல்லாத ஊரில் ஐந்து வேண்டியிருந்தாலே கிளப் லாபம்தான். எண்களை மாற்றினால் இந்த இடம் நகரும். கணக்குப் போடும் வழி மாறாது.

மறுக்க மறந்து வந்த புத்தகங்களை இந்தக் கணக்கில் எங்கே வைப்பது? கட்டாய எண்ணிக்கை முடியும்வரை அவையும் அந்த நான்கில் சேரும். ஆகவே நட்டம் ஓர் எல்லைக்குள் நிற்கும். எண்ணிக்கை முடிந்த பிறகும் விலகாமல் இருந்தால், மறதியால் வரும் ஒவ்வொரு புத்தகமும் மேல்செலவு. நம் எடுத்துக்காட்டில் அப்படி மூன்று வந்தால் 72 டாலர். முதலில் மிச்சம் பிடித்தது போல இரண்டு மடங்குக்கும் மேல் அதிலேயே போய்விடும்.

பணத்துக்கு வெளியிலும் நன்மைகள் இருக்கின்றன. கடைகளும் நூலகமும் எட்டாத இடத்தில் வாழ்பவருக்கும், நடமாட முடியாமல் வீட்டோடு இருப்பவருக்கும் கிளப் ஒரு வாசல். தானாகத் தேடிப் போயிருக்க மாட்டாத ஒரு புத்தகம் கைக்கு வருவதும் உண்டு. 1951-இல் ஜே. டி. சாலிஞ்சரின் 'தி கேட்சர் இன் தி ரை' வெளியானபோது, அதிகம் அறியப்படாத அந்த எழுத்தாளரின் முதல் நாவலைப் புக் ஆஃப் தி மன்த் கிளப் தன் தேர்வாக்கி நாடெங்கும் அனுப்பியது. மாதம் ஒரு புத்தகம் வரும்போது படிக்கும் பழக்கத்துக்கு ஒரு தாளம் கிடைக்கிறது. எழுத்தாளருக்கும் பயன் உண்டு. கிளப் தரும் உரிமைத்தொகையைப் பதிப்பாளரும் எழுத்தாளரும் பெரும்பாலும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். ஒரு பிரதிக்குக் கிடைப்பது குறைவு. பிரதிகளின் எண்ணிக்கை அதை ஈடுகட்டும்.

தேர்வு ஒரு சிலர் கையில் இருப்பதன் மறுபக்கமும் சொல்லப்பட வேண்டும். ரிச்சர்ட் ரைட்டின் 'நேட்டிவ் சன்' நாவல் 1940-இல் கிளப்பின் தேர்வானது. கறுப்பின எழுத்தாளர் ஒருவருக்குக் கிளப்பில் கிடைத்த முதல் வாய்ப்பு அது. அதற்காகச் சில காட்சிகளை அவர் மாற்ற வேண்டியிருந்தது. 1945-இல் அவருடைய தன்வரலாறு வந்தபோது கிளப் முதல் பகுதியை மட்டுமே ஏற்றது. தென் மாநிலத்து இளமைக்காலத்தோடு முடியும் அந்தப் பகுதியே 'பிளாக் பாய்' என்ற பெயரில் வெளியானது. வடக்கே போன பின் பட்டதைச் சொல்லும் இரண்டாம் பகுதி, அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து 1977-இல்தான் தனி நூலாக வந்தது. கிளப்பில் சேராமல் கடையில் வாங்கியவருக்கும் குறைந்த புத்தகம்தான் கிடைத்தது. தேர்வு செய்யும் அதிகாரம் எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

நம் நாட்டில் இந்த முறை சற்று வேறு உருவத்தில் வந்தது. டெல்லியின் ஹிந்த் பாக்கெட் புக்ஸ் நிறுவனம் இந்தி வாசகர்களுக்காகத் தபால்வழி வீட்டு நூலகத் திட்டம் ஒன்றை நடத்தியது. தமிழில் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி 1960-களில் தொடங்கிய 'வாசகர் வட்டம்' பெயரிலேயே அந்த எண்ணத்தைத் தாங்கி வந்தது. தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' அதன் வெளியீடு. பொதுவாக நம் தபால் வியாபாரம் வி.பி.பி.-யை நம்பி நடந்தது. தபால்காரரிடம் பணம் கொடுத்தால்தான் பார்சல் கைக்கு வரும். வேண்டாம் என்றால் வாசலிலேயே மறுத்துவிடலாம். இதில் வாசகரின் மௌனம் விற்பனையாகாது, அவர் கையிலிருந்து பணம் வர வேண்டும். பார்சல் திரும்பினால் நட்டம் அனுப்பியவருக்கு. அமெரிக்க முறையில் அந்த அபாயத்தின் ஒரு பங்கு வாசகர் பக்கம் நகர்ந்திருக்கிறது.

பிற்காலத்தில் தள்ளுபடிக் கடைகள் பெருகின. 1995-இல் அமேசான் இணையத்தில் புத்தகம் விற்கத் தொடங்கியது. கிளப்பின் மூன்று பலங்களில் குறைந்த விலையும் வீடு தேடி வரும் வசதியும் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டன. ஜெர்மனியில் 1950-இல் தொடங்கிப் பெர்டெல்ஸ்மான் குழுமத்தை வளர்த்துவிட்ட கிளப்கூட 2015-இல் மூடப்பட்டது. எஞ்சியது தேர்வு. புக் ஆஃப் தி மன்த் இன்று இணையச் சந்தாவாக நடப்பது அதை வைத்துத்தான். மாதம் சில புத்தகங்களை முன்வைக்கிறது, உறுப்பினர் ஒன்றைத் தேர்கிறார், வேண்டாத மாதத்தைத் தவிர்க்கிறார். சும்மா இருந்தால் புத்தகம் வருவதில்லை. கட்டிய பணம் அடுத்த தேர்வுக்கான வரவாக நிற்கிறது. மௌனத்தின் விலை குறைந்திருக்கிறது, முற்றிலும் போய்விடவில்லை. படம் பார்க்கும் செயலிக்கும் இதழ்ச் சந்தாவுக்கும் நாம் கொடுக்கும் தானியங்கிப் புதுப்பிப்பு அனுமதியும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

ஆகவே இத்தகைய கிளப்பில் சேரும் முன் நான்கு விவரங்களைப் பார்த்துக்கொள்வது நல்லது. கட்டாயமாக வாங்க வேண்டியவை எத்தனை, எவ்வளவு காலத்துக்குள்? தபால் கூலி சேர்த்து மொத்தம் எவ்வளவு? பட்டியலில் உள்ளவற்றில் நீங்கள் எப்படியும் வாங்கக்கூடியவை எத்தனை? விலக என்ன செய்ய வேண்டும்? இவற்றுக்கு விடை கிடைத்தால் முதல் பார்சலின் கவர்ச்சி அதன் உண்மையான அளவுக்கு வந்துவிடும். கட்டாய எண்ணிக்கை முடியும் நாளை நாட்காட்டியில் குறித்து வைத்து, அன்று தொடர்வதா விலகுவதா என்று முடிவெடுக்கலாம்.

புத்தக கிளப்பை மோசடி என்று ஒதுக்கவும் வேண்டாம், சலுகை என்று கொண்டாடவும் வேண்டாம். மாதாந்தர உறை வந்த அன்றே பிரித்து, அட்டையை நிரப்பித் தபாலில் சேர்ப்பவருக்கு அது லாபம். அந்த உறை பிரிக்கப்படாமல் கிடக்கும் வீட்டுக்கு, முதல் நான்கு புத்தகங்கள் எவ்வளவு மலிவாக வந்திருந்தாலும், அது நட்டம்.